அணிக்கு ஏற்ற கண்

“கலர் கண்ணாடி மாட்டிக்கிட்டு வர்றதுக்கு இது என்ன கடற்கரையா? பள்ளிக்கூடம் மேடம், பள்ளிக்கூடம்!”

தலைமையாசிரியை சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன். பள்ளிக்கூடம் என்பதை இரண்டு முறை சொன்னார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் வருஷக்கணக்காக முட்டி போட்ட எனக்கு, அது பள்ளிக்கூடம் என்று தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை போலும்.

என் மகளுக்கு வெளிச்சம் ஆகாது. பளிச்சென்ற வெள்ளைத் தாளைப் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிக் கலைந்து ஓடும் என்பாள். கண் மருத்துவர் ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்து, கடைசியில் வெளிர்நீலக் கண்ணாடி கொடுத்தார். “எல்லாருக்கும் இது உதவாதும்மா, உங்க பொண்ணுக்கு உதவுது” என்றார். அன்று சாயங்காலமே சோப்பு உறையை முழுசாகப் படித்துவிட்டு, “அம்மா, எழுத்தெல்லாம் உக்காந்திருக்கு!” என்று கத்தினாள். வருஷக் கடைசி வாசிப்புத் தேர்வில் தவறினால் மறுபடியும் நான்காம் வகுப்புதான். அதற்காகத்தான் இந்தப் போராட்டம்.

“டாக்டர் சொன்னதுங்க.”

“டாக்டர் சொல்வார். யூனிஃபார்ம்ல நீலம் எங்கே இருக்கு?”

அந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரி உள்ளே வந்தார். என் பக்கத்தில் நின்ற மகளின் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பார்த்து, “அட, இது புது முறையா?” என்றார்.

தலைமையாசிரியை முந்திக்கொண்டார். “நாங்கதான் சார் முதல்ல கொண்டு வந்தோம்!”

அடுத்த வாரமே சுற்றறிக்கை. மாணவர்தம் விழிநலனை முன்னிட்டு, மேற்படி கண்ணாடி அனைவருக்கும் இதன்மூலம் கட்டாயமாக்கப்படுகிறது. நிறம், அவரவர் விளையாட்டு அணியின் நிறமாக இருத்தல் வேண்டும். வாசலில் அம்மாக்கள் பூரித்துப் போனார்கள். “உங்க பொண்ணுக்கு எழுத்து ஆடுதாமே, கொடுத்து வச்சவங்க! எங்க பையனுக்கு அசையக்கூட மாட்டேங்குது” என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

என் மகள் சிவப்பு அணி. மறுபடி ஓடினேன்.

“அவளுக்கு நீலம்தான் சரிப்படும்.”

“நீலம் நீல அணிக்கு.”

“அப்ப நீல அணியில போடுங்க.”

“அங்கே இடமில்லை. கண்ணுக்காக அணியை மாத்த முடியாது மேடம். அணிக்காகக் கண்ணைக் கொஞ்சம் மாத்திக்கச் சொல்லுங்க.”

சிவப்பு அணியின் தேர்வன்று பெற்றோருக்கும் அழைப்பு. வாசலிலேயே ஆளுக்கொரு சிவப்புக் கண்ணாடி. அதிகாரிக்குத் தங்க விளிம்பு போட்டது. அணியைக் கௌரவிக்க, வகுப்பு மிஸ் வெள்ளைப் பலகையில் பாடத்தைச் சிவப்பு மையிலேயே எழுதியிருந்தார். கண்ணாடியை விரலால் தூக்கிப் பார்த்தேன்: பலகை நிறைய எழுத்து. இறக்கினேன்: துடைத்துவிட்ட மாதிரி வெறும் பலகை.

அதிகாரியும் அதையே பார்த்தார். “அற்புதம். என்ன ஒரு சுத்தம்!”

முதல் பையன் கெட்டிக்காரன். பலகையைப் பார்த்துக்கொண்டே, மனப்பாடமாக இருந்த வேறு ஏதோ பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். கைதட்டல். அடுத்தவளும் அப்படியே. மூன்றாவதாக என் மகள்.

“படிம்மா” என்றார் மிஸ்.

“போர்டுல ஒண்ணுமே இல்லையே மிஸ்.”

பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். நான் பாதி எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் புடவையைப் பிடித்து இழுத்தார். “உக்காரு, போட்டோ எடுக்கிறாங்க.”

உட்கார்ந்தேன். கோணலாக இருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

“கழட்டிட்டுப் பார்க்கட்டுமா மிஸ்?” என்று கேட்டாள் மகள்.

மிஸ் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பலகையின் சுத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தார். மகள் எங்கள் பக்கம் திரும்பினாள். அத்தனை பேரும் சிவப்பாகத் தெரிந்திருப்போம்.

“அம்மா, நீயாவது கழட்டிட்டு என்ன எழுதியிருக்குன்னு சொல்லேன்.”