மைனர் மாப்பிள்ளை

கேஸ் மூடினேனா என்ற சந்தேகத்தில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ரகம் நான். மூடித்தான் இருக்கும். மறுபடி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்ததும், பார்க்கப் போனபோது கைதவறித் திறந்துவிட்டேனோ என்று அடுத்த சந்தேகம் கிளம்பும். இப்படிப்பட்டவளிடம் ஒரு கல்யாணத்தின் காகித வேலை முழுவதையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்லப்போகிறேன். கல்யாணம் என்னுடையதுதான்.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். செல்வின் அங்கே கட்டிங் பிரிவு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம்; ஞாயிற்றுக்கிழமை சர்ச். நாங்கள் பொங்கலூர், தென்னந்தோப்பு, குலதெய்வக் கோயில். விஷயம் தெரிந்து ஒன்றரை வருடம் என்னோடு பேசாமல் இருந்த அப்பா, கடைசியில் இப்படிச் சம்மதித்தார்: "எந்தச் சாமி முன்னாலன்னு சண்டை வேண்டாம். சட்டப்படி பதிவு பண்ணிக்குங்க. ஆனா ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுருங்க."

சட்டப்படி என்றால், முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணினேன். அந்த வெள்ளிக்கிழமை கொடுத்தால்தான் ஆனிக்குள் கல்யாணம். திங்கட்கிழமை கொடுத்தால் ஆடிக்குள் போய்விடும். ஆடி முடிந்து ஆவணி வருவதற்குள் அப்பாவின் மனசு மாறாது என்று யார் உத்தரவாதம் தருவது?

ஆகவே தயாரானேன். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், இருப்பிடச் சான்று, எல்லாவற்றுக்கும் மும்மூன்று நகல். (நாலாம் வகுப்பில் சாக்கு ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய சான்றிதழும் கோப்பில் இருந்தது. கேட்டுவிட்டால்?) பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது கம்பெனியில் என் வேலை. அதே ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையெழுத்து விட்டுப்போன இடம், எழுத்துப்பிழை என்று படிவம் முழுக்க ஒட்டினேன். ஒவ்வொன்றாகச் சரிசெய்து உரித்தேன். பிறகு நான்கு முறை சரிபார்த்தேன்.

சார்பதிவாளர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, மாப்பிள்ளை போட்டோவுல இதென்ன?"

செல்வினின் கன்னத்தை நோக்கி ஒரு சிவப்பு அம்பு. படத்தில் சட்டைக் காலர் ஒருபக்கம் தூக்கியிருந்தது. அதைக் காட்டத்தான் ஒட்டியிருந்தேன். படம் சின்னது, ஸ்டிக்கர் பெரிசு. நான்கு முறை பார்த்தும் எப்படி விட்டேன்? நான்கு முறையும் அந்தக் கண்களைத் தாண்டி நான் கீழே இறங்கவே இல்லை.

"ஏளா," என்றார் செல்வின் என் காதருகே. "என்னைய டேமேஜ்ல தள்ளிட்டியா?"

துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"கண்ணு, உனக்குப் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிரு. ஊட்டுக்குப் போயிரலாம்."

குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. பதறினால் எனக்குத் தாய்மொழி மறந்து கம்பெனி மொழிதான் வரும்.

"இல்லீங்க சார், ஒண்ணுமில்லீங்க... மைனர்தாங்க. பாஸ் பண்ணிரலாங்க!"

சார்பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். "மைனரா? யாரும்மா மைனர்?"

"இவருதாங்க சார்."

(இருபத்தொன்பது வயது. நெற்றி உச்சந்தலை வரை ஏறிப்போயிருந்தது.)

"மைனரைக் கூட்டிட்டு வந்து நோட்டீஸ் குடுக்கறீங்களா? கேஸ் ஆயிரும்மா!" கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

நான் அவசரமாகச் சாக்கு ஓட்டச் சான்றிதழைத் தேடினேன். (எதற்கென்று இன்றுவரை புரியவில்லை. அது என்னுடையது.) செல்வின், "சார், இங்கன பாருங்க சார்," என்று தலையைக் குனிந்து வழுக்கையைச் சாட்சிக்குக் காட்டினார். வெள்ளிக்கிழமை, மணி நாலே முக்கால். ஆடி மாதம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

அப்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க சார், அது வேற மைனருங்க. பனியன் கம்பெனில பெரிய குறைன்னா மேஜர்ம்பாங்க, தூக்கிப் போட்ருவாங்க. சின்னக் குறைன்னா மைனர், தாட்டி உட்ருவாங்க."

"அப்ப மாப்பிள்ளை மேஜரா, மைனரா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

அப்பா செல்வினை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவரை அவ்வளவு நேரம் அப்பா பார்த்தது அதுதான் முதல்முறை.

"வயசுல மேஜருங்க. குறையில மைனருங்க."

அலுவலகமே சிரித்தது. நான் மட்டும் அழுதேன். பேசாமல் இருந்த அந்த ஒன்றரை வருடமும், சாப்பிடும்போது அம்மாவிடம் நான் புலம்பிய கம்பெனிக் கதைகளை அப்பா ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஸ்டிக்கரை உரித்தபோது கன்னமும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. நல்லவேளையாக என்னிடம் உபரியாக எட்டுப் படங்கள் இருந்தன. (எட்டிலும் காலர் தூக்கித்தான் இருந்தது.) நோட்டீஸை வாங்கிக்கொண்டார்கள். ஆனி முடிவதற்குள் கல்யாணமும் ஆனது.

பெயர்தான் நிலைத்துவிட்டது. அப்பாவுக்குச் செல்வின் இன்றைக்கும் 'மைனர்'. விசேஷங்களில் இதைக் கேட்கும் தூரத்துச் சொந்தங்கள், கழுத்தில் புலிநகச் சங்கிலி போட்ட ஓர் உல்லாசப் பேர்வழியை எதிர்பார்த்துத் திரும்பி, தோளில் குழந்தைப் பையும் கையில் பால் புட்டியுமாக நிற்கும் செல்வினைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள்.

போன மாதம் மகளை எல்.கே.ஜி. சேர்க்கப் படிவம் நிரப்பினேன். அப்பா போன் செய்தார்.

"பாப்பா பாரத்தையெல்லாம் நல்லாப் பார்த்தியா கண்ணு?"

"நாலு தடவை பார்த்துட்டேனுங்கப்பா."

மறுமுனையில் அப்பா தொண்டையைச் செருமினார்.

"அப்ப மைனரையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லு சாமி."

சொன்னேன். நல்லவேளை, சொன்னேன்.