லைன்மேனும் கம்பத்துக் கருடனும்

கடலூர் முதுநகரில் எங்கள் லைன்மேனைப் போல நம்பிக்கை இழந்த மனிதர் முன்பும் இருந்ததில்லை, பின்பும் பிறக்கவில்லை. கரண்ட் வந்துவிட்டது என்று தெருவே சந்தோஷப்படும்போது, "நிக்காது பாருங்க" என்பார். பெரும்பாலும் நிற்காது. பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டிலேயே லைன்மேன் என்றுதான் இருக்கும் என்று தெரு நம்பியது. நான் அப்போது அங்கே குடியிருந்த நிருபர்.

2009 தொடக்கத்தில், துறைமுகத்து ஐஸ் கம்பெனி வாசல் மின்கம்பத்தில் செம்பருந்து ஜோடி ஒன்று கூடு கட்டியது. மீன்கழிவு கீழேயே கிடைக்கும்போது மரம் தேடி அலைவானேன்? குச்சியோடு அறுந்த வலை, கட்டுக்கம்பி எல்லாம் சேர்த்துக் கட்டியதில், காற்றடித்தால் கம்பி லைனில் உரசும், ஃபியூஸ் போகும். காலையில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களே மாலையில் கரண்ட் இல்லை என்று புகார் கொடுத்தார்கள்.

கூட்டைக் கலைக்கச் சொல்லி லைன்மேனுக்கு உத்தரவு வந்தது. ஏறினார். வெறுங்கையோடு இறங்கினார்.

"ஒரு குஞ்சு கெடக்குது. பொழைக்காது."

"அப்பறம் என்ன, எடுத்துட வேண்டியதுதானே?" என்றார் ஐஸ் கம்பெனி முதலாளி.

"பொழைக்காதத எதுக்கு மொதலாளி எடுக்கணும்?"

அன்றிலிருந்து தினமும் லைனை நிறுத்திவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஏறி, கூட்டிலிருந்து கம்பிகளை மட்டும் உருவினார். தாய்ப்பறவை ஹெல்மெட்டைக் கீறும். மறுநாள் புதுக் கம்பி வரும். பறவையால் போன கரண்ட்டைவிட இவர் நிறுத்திய கரண்ட் ஜாஸ்தி.

"யோவ், ஐஸெல்லாம் தண்ணியா போவுதுய்யா."

"கடைசில எல்லாம் தண்ணிதான் மொதலாளி."

முதலாளி மேலே எழுதிப்போட்டார். நாளைக்குள் கூட்டை எடுக்காவிட்டால் சிதம்பரத்துக்கு மாற்றல் என்றார் இன்ஜினீயர்.

"ஒரு வாரம் குடுங்க சார், குஞ்சுக்கு றெக்க மொளச்சிடுச்சு" என்று லைன்மேன் கெஞ்சினார். கிடைக்கவில்லை. மறுநாள் ஏற மறுத்தார். வேறொருவர் ஏறினார். கை பட்டதும் குஞ்சு கூட்டிலிருந்து குதித்தது. பாதி பறந்து, பாதி விழுந்து, படகுகளுக்கு அப்பால் மறைந்தது. லைன்மேன் படகு படகாகத் தேடிவிட்டு வந்தார். குஞ்சு அகப்படவில்லை. அந்த வாரமே மாற்றல் வந்தது.

மூன்று ஆண்டு கழித்து சிதம்பரம் அண்ணாமலை நகர் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். என் நலம்கூட விசாரிக்கவில்லை.

"அது செத்திருக்கும் இல்ல தம்பி?"

துறைமுகத்தின் மேல் எந்நேரமும் செம்பருந்துகள் சுற்றும். எல்லாம் ஒரே மாதிரி. சரிபார்க்காத செய்தியை நான் அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

"இருக்குதுண்ணே. நேத்துகூட பாத்தேன்."

"அது வேறயா இருக்கும்" என்றார். அப்புறம் எனக்கு இன்னொரு டீ சொன்னார்.