அப்பா நடத்திய செல் பாடம்

வகுப்பறையில் ஒரு கருவி வேலை செய்யாமல் போனால் ஆபத்தில்லை. கரும்பலகை இருக்கிறது, சமாளித்துவிடலாம். அது ஒழுங்காக வேலை செய்யும் நாளில்தான் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும்.

குன்னம் பக்கத்து அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி ஒரு மாதிரிப் பாடம் நடத்தும்படி உத்தரவு வந்தது. பார்வையிட வருபவர் மாவட்டக் கல்வி அலுவலர். அதிகாரிகளைக் கண்டால் எனக்குக் குரல் எழும்பாது. (வீட்டில் மட்டும் எப்படி எழும்புகிறது என்று என் மனைவி கேட்பாள்.) அதற்கொரு வழி கண்டுபிடித்தேன். செல் பாடத்தை முன்கூட்டியே துண்டு துண்டாகக் குரல்பதிவு செய்துகொள்வது. வகுப்பில் ஒலிபெருக்கியில் அதை ஓடவிட்டு, திரையில் படத்தைக் காட்டுவது.

பதிவுகளைச் சேர்த்துவைக்க வாட்ஸ்அப்பில் ‘செல் பாடம்’ என்று ஒரு குழு தொடங்கினேன். எனக்கு மட்டுமான குழுதான். ஆனால் தொடங்கும்போது துணைக்கு இன்னொருவரைச் சேர்த்து, பிறகு நீக்கிவிடுவது எங்கள் ஆசிரியர்களிடையே வழக்கம். நான் அப்பாவைச் சேர்த்தேன். நீக்க மறந்துவிட்டேன்.

அன்று முன்வரிசையில் அலுவலர் மேடம், தலைமையாசிரியை, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் செல்வராசு. செல்வராசு வெங்காய வியாபாரி. வயலோரம் ஓலை வேய்ந்து கட்டிய எங்கள் பட்டறையில் குவித்துச் சேமித்து வைத்திருந்த சின்ன வெங்காயத்துக்கு அன்று மாலை விலை பேச வருவதாக இருந்தவரும் அவர்தான். அந்த வருடத்து வரும்படியே அந்தப் பட்டறைதான்.

பாடம் பிரமாதமாகப் போனது. என் குரல் ஒலிபெருக்கியில் கம்பீரமாக ஒலிக்க, நான் வெங்காயத்தை உரித்து, தோலை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பதிவு இப்படி முடிந்தது: “வெளியே இருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.”

ஒரு குரல்பதிவு முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். அடுத்தது ஒன்று இருந்தது. காலையில் நான் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது அப்பா அந்தக் குழுவிலேயே பேசி அனுப்பியிருக்கிறார்.

“தம்பி, செல்வராசு சாயங்காலம் வரான். பட்டறையில அடியில மழத்தண்ணி எறங்கிப் பாதி அழுவிப் போச்சு. மேலாப்புல நல்ல காயா பரப்பி வச்சிட்டேன். நீ வெரசா வந்து பேச்சுக் குடுத்துக்கிட்டு நில்லு. அவன் அடியில கைய வுட்டுறாம பாத்துக்க. வுடமாட்டான், சட்ட அழுக்காயிரும்னு பயந்த பய.”

போனிடம் ஓடினேன். வெங்காயச் சாறு படிந்த விரலை அது என் விரல் என்று ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு விரல்களையும் வைத்துப் பார்த்து முடிப்பதற்குள் அப்பா பேசி முடித்துவிட்டார்.

செல்வராசு தன் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை.

மேடம் கைதட்டினார். “செல்லுல ஆரம்பிச்சு, அதை இந்த ஊர் வெங்காயத்துல கொண்டுவந்து முடிச்சீங்க பாருங்க. நாடகம் ரொம்ப இயல்பு. விவசாயியா நடிச்சது யாருங்க?”

நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல் குரல் வரவில்லை.

“சாரோட அப்பாங்க மேடம்” என்றார் செல்வராசு. “நல்லா நடிப்பாரு. நாங்க ரொம்ப வருசமா பாத்துக்கிட்டிருக்கோம்.”

மேடம் ஒரு மாணவியை எழுப்பி இன்று என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். “வெங்காயம் வாங்குனா அடியில கைய வுட்டுப் பாக்கணும் மேடம்.” மேடம் அதைக் குறித்துக்கொண்டார். எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும், பதிவை முழுதாகக் கொடுங்கள் என்றார். கடைசித் துண்டு மட்டும் வேண்டாமே என்று இழுத்தேன். “அதுதானே சார் பாடமே” என்றார்.

மாலையில் பள்ளியைவிட்டுக் கிளம்பும்போது அப்பா போன் செய்தார்.

“டேய், வந்தவன் மேலாப்புல தொடவே இல்ல. கைய மடிச்சுவுட்டு நேரா அடியில வுட்டான். பாதி வெலதான் குடுத்தான். எவன்டா அவன்கிட்ட சொன்னது?”

“நீங்கதாம்ப்பா.”

விளக்கிச் சொன்னேன். “என்னய எதுக்குடா பள்ளிக்கூடத்துல சேத்த?” என்றார்.

செல்வராசோடு பகை ஒன்றுமில்லை. அடுத்த வருடமும் அவரே வந்தார், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு. பதிவுதான் அடங்கவில்லை. பெரம்பலூரைத் தாண்டி அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் போய்விட்டது. அரியலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அப்பா, “தம்பி, கொஞ்சம் ரசம் வுடு” என்றார். எதிர்வரிசைச் சிறுமி இலையிலிருந்து நிமிர்ந்தாள். “அம்மா, வெங்காயத் தாத்தா. எங்க சயின்ஸ் பாடத்துல பேசுவாரே, அவரு.” அந்த வரிசை முழுவதும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து வெளியூர்ப் பந்திகளில் அப்பா எதைக் கேட்பதானாலும் விரலால்தான் காட்டுகிறார். அம்மா பக்கத்து இலையில் உட்கார்ந்தபடி, பரிமாறுபவருக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு முறையும் சொல்கிறாள்:

“வாயத் தொறந்து கேளுங்க. உங்க புள்ள செல்போன வண்டியிலயே வச்சிட்டு வந்துட்டான்.”