கேசட்டுக்காகக் கை நனைத்தவன்

என் அக்காவின் கல்யாணத்தை முடிவு செய்தது ஜாதகம் இல்லை, மாமா இல்லை, அக்காவும் இல்லை. ஒரு கறிக்குழம்பும் ஒரு பழைய டிவி கேம் கேசட்டும். இரண்டுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த மடையன் நான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், பெங்களூர் ஓட்டலில் மேசை துடைப்பவன், சென்னையில் பழைய எலக்ட்ரானிக் சாமான் கடையில் எடுபிடி என்று சுற்றிவிட்டு, இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி உத்திரமேரூர் பக்கம் ஊர் திரும்பியபோது என்னிடம் இருந்த சொத்து ஒரு யூரியா பை. அதற்குள் பதினாறு கேசட்டுகள். எல்லோரிடமும் கிடந்த மஞ்சள் நிற டூப்ளிகேட் அல்ல. ஜப்பானில் செய்த அசல், இனிமேல் கிடைக்காத ரகம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டவை. தினமும் எடுத்து, லுங்கியால் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி பையில் போடுவேன். (போட்டு ஆடிப் பாக்க வூட்ல டிவி கெடையாது.) அம்மா நடவுக்குப் போனாள். அக்கா ரேவதி ஷூ கம்பெனி வேனில் போய்வந்தாள். அவள் சம்பளத்தில் உலை கொதித்தது. நான் ஊதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் திருப்புலிவனத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்கு உத்திரமேரூரில் மோட்டார் வைண்டிங் கடை. பதிலுக்கு அவர்கள் வீட்டைப் பார்த்துவர அம்மாவின் தம்பி, எங்கள் மாமாவும் நானும் கிளம்பினோம். அக்கா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

"வூடு, நெலம் எல்லாம் மாமா பாத்துக்கும். நீ ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு வா. கல்யாணத்துக்கப்புறமும் நான் கம்பெனிக்குப் போலாமான்னு கேளு. பதில் தெரியறவரைக்கும் அங்க கை நனைச்சிடாதீங்க."

சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்குமேல் பின்வாங்கினால் பெண்ணின் பெயர்தான் கெடும். எங்கள் பக்கத்தில் இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் பார்த்தேன். டிவிமேல் பிளாஸ்டிக் பூந்தொட்டி. தொட்டிக்கு அடியில், அது ஆடாமல் இருக்க, செங்கல் நிறத்தில் ஒரு கேசட். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். அதன்பிறகு மாமா என்ன கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள், எதுவும் என் காதில் ஏறவில்லை. சாப்பாட்டை மாமா கும்பிட்டு மறுத்தார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வெளியே வந்தோம்.

பஸ் ஸ்டாப்பில்தான் அக்காவின் கேள்வி ஞாபகம் வந்தது. திரும்பிப் போக ஒரு சாக்கு கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். துண்டை மறந்துவிட்டேன், நீங்கள் போங்கள் என்று மாமாவை பஸ் ஏற்றிவிட்டேன். (துண்டு தோள்மேலயேதான் கெடந்துது.)

மாப்பிள்ளையின் அம்மாவிடம் முதலில் கேசட்டைத்தான் விசாரித்தேன். அது அவன் பொருள், அவனைத்தான் கேட்க வேண்டும், சாப்பாட்டுக்கு வருவான் என்றார். பிறகு இலையைப் போட்டார்.

"சும்மா எவ்ளோ நேரம் குந்திக்கினு இருப்ப? ஒரு வாய் சாப்ட்டுக்கினு இரு, தம்பி."

ஒருமுறை வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை அவர் சொன்னபோது கறிக்குழம்பு வாசம் வந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் கேசட் நேராகத் தெரிந்தது. உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வந்தார். குழம்பில் கிடந்த என் கையைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். கால் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"எதுனா கேக்கணுமா, தம்பி?"

"அந்த கேசட்டு," என்றேன்.

பூந்தொட்டியை நகர்த்தி எடுத்துக் கொடுத்தார். அக்காவின் கேள்வி மறுபடி ஞாபகம் வந்தபோது நான் பஸ்ஸில் உட்கார்ந்து லேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னாலேயே மாப்பிள்ளையின் அப்பா மொபெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து, சம்மதம் என்று வெற்றிலை பாக்கு பூவெல்லாம் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். மாமா நிமிர்ந்து, "துண்டு கெட்ச்சிதா?" என்றார். அக்கா என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"கேட்டியா?"

கேசட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"கறிக்கொழம்பா?" என்றாள். உள்ளே போய்விட்டாள். நான் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். வாசனை போகவில்லை.

மறுநாள் காலை அவள் கம்பெனி வேனை உத்திரமேரூரில் நிறுத்தி இறங்கி, போட்டிருந்த கம்பெனி கோட்டோடு வைண்டிங் கடைக்கு நேராக நடந்தாள். கல்யாணம் நிச்சயமான பெண் நடுத்தெருவில் நின்று மாப்பிள்ளையைக் கேள்வி கேட்டதை ஊர் ரொம்ப நாள் பேசியது. நான் வாங்க வேண்டிய பேச்சு அது. அவர் செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்:

"தாராளமா போங்க. இதத்தான் உங்க தம்பி கேப்பாருன்னு நெனச்சேன். அவரு கேசட்ட கேட்டுட்டாரு."

பிறகு அந்தக் கேசட்டை, நான் முன்பு எடுபிடியாக இருந்த சென்னைக் கடைக்காரர் திருப்புளியால் திறந்து காட்டினார். உள்ளே தார் சொட்டியதுபோல ஒரு கறுப்புப் பொட்டு. அசலில் கால் முளைத்த சில்லு இருக்கும், பொட்டு இருந்தால் டூப்ளிகேட் என்றார். யூரியா பையைக் கொட்டி மற்றதையும் திறந்தார். பதினாறிலும் அதே பொட்டு.

அக்கா இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். எந்த ஊரில் சுற்றிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாலும் இலை போடுவாள், சோறு போடுவாள். குழம்புக் கரண்டியை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன்.

"அக்கா கல்யாணத்துக்கப்புறமும் கம்பெனிக்குப் போலாமா?"

"போய்க்கினுதான் கீறேன். சாப்டு," என்பாள். அப்புறம்தான் குழம்பு விழும்.