தளபதியின் கழுத்து

ஒரு காட்டில் தளபதி காட்டெருமையார் காலமானார். போரில் அல்ல, புளித்துப்போன இலுப்பைப் பூவை அளவுக்கு மீறித் தின்று. அதற்குச் சில நாள் முன்புதான் தன்னை ஆளுயரப் படமாக வரையச் சொல்லியிருந்தார். ஓவியர் கரடி உடம்பை முடித்துவிட்டது. சிவப்புச் சட்டை, மார்பு நிறையப் பதக்கங்கள், இடுப்பில் வாள், காலில் பூட்ஸ், பின்னால் பீரங்கிப் புகை. அந்தக் காட்டில் பீரங்கி ஏது என்று யாரும் கேட்கவில்லை. தலை மட்டும்தான் பாக்கி.

"படத்தை மாட்டச் சபைச் சுவத்துல ஆணி அடிச்சாச்சு. இந்த உடம்புக்குப் பொருந்துற தலையா பாருங்க. அவன்தான் அடுத்த தளபதி" என்றார் சிங்கராஜா.

நியாயமாகப் பார்த்தால் பதவி கீரிக்குத்தான். போன கோடையில் ஓடைக்கரையில் தனியாக நின்று ஓநாய்களை விரட்டி, ஒரு காதைப் பறிகொடுத்தது அதுதான். சபைச் சுவரில் தன் முகத்தைத் தன் குட்டிகள் பார்க்க வேண்டும். கீரிக்கு வேறு ஆசையே கிடையாது.

கரடி கீரியைத் தூக்கிப் படத்தின் கழுத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது. பானை மேல் எலுமிச்சம்பழம் வைத்தது போல இருந்தது.

"கழுத்து பத்தலைங்க" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டது. கலைஞர்கள் வருத்தப்படுவார்கள், மாற்றி வரைய மாட்டார்கள்.

அப்போது வண்ணச் சட்டிகளைச் சுமந்து வந்த கழுதை தற்செயலாகப் படத்துக்கு முன்னால் நின்றது. கழுத்து அச்சாகப் பொருந்தியது.

"என்ன கம்பீரம்" என்றது மந்திரி நரி. காலையில் அதே கழுதையை எட்டி உதைத்ததும் நரிதான்.

"எனக்குச் சண்டை தெரியாதுங்களே" என்றது கழுதை.

"படத்துல யாரு சண்டை போடப் போறா? நிமிர்ந்து பாரு, போதும்" என்றது நரி.

கழுதைத் தலையோடு படம் மாட்டப்பட்டது. கழுதை, கழுதையார் ஆனார். படத்துக்கு முதல் சல்யூட் வைத்தவரும் அவரே. பழக்கதோஷம்.

மழைக்கு முன்பே ஓநாய்கள் திரும்பி வந்தன. கீரிதான் போனது. கடித்தது, கடிபட்டது, மிச்சமிருந்த காதும் போயிற்று. அது சுருண்டு விழுந்த நேரம், மேட்டின் மேல் அந்தப் படம் தெரிந்தது. கழுதையார்தான் முதுகில் கட்டிச் சுமந்து வந்தார். சுமப்பது அவருக்குத் தெரிந்த வேலை.

ஓநாய்த் தலைவன் பதக்கங்களைப் பார்த்தது. "இத்தனை சண்டையில ஜெயிச்சவன்கிட்ட நமக்கெதுக்குடா வம்பு?" என்று சொல்லித் திரும்பிவிட்டது. கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

வெற்றிக்காகப் படத்தில் இன்னொரு பதக்கம் ஏறியது. கீரியை அப்படியே விட்டுவிடக் கரடிக்கு மனசு கேட்கவில்லை.

"பூட்ஸுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கு. ஆனா, செத்துக் கிடக்கிற எதிரியாத்தான் வரைய முடியும். சம்மதமா?"

"முகம் மட்டும் தெளிவா தெரியட்டும்" என்றது கீரி.

குட்டிகள் வந்து பார்த்தன. "எங்கப்பா, எங்கப்பா" என்று எல்லோரிடமும் காட்டின. அப்புறம் வரிசையாக நின்று கழுதையாருக்கு சல்யூட் வைத்தன.

நீதி: வாளைத் தீட்டுமுன் கழுத்தைத் தடியாக்கு.