நாலு பக்கமும் தண்ணீர்

“தீவு எங்கேப்பா?” என்றாள் ஜானகி.

“வண்டி எது மேல நிக்குது? இதுதான் தீவு. எறங்கு!” என்றார் பஞ்சநாதன்.

ஜானகி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பின்னால் கொள்ளிடம் முழுக்க மணல். முன்னாலும் மணல். நடுவில் கொஞ்சம் மேடு, நாலைந்து கூரை வீடுகள், சித்திரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நாணல்.

“ஆத்தைத் தாண்டவே இல்லியே?”

“தாண்டியாச்சு. நீ தூங்கிட்ட.”

“நான் தூங்கல. தண்ணிதான் இல்ல.”

பஞ்சநாதனுக்கு எரிச்சலாக வந்தது. அரியலூரிலிருந்து கரி பஸ்ஸில் புகையைக் குடித்துக்கொண்டு வந்து, திருமழபாடியில் மாட்டுவண்டி பிடித்து, மனைவி சாந்தாவின் முணுமுணுப்பை வழியெல்லாம் கேட்டு, இதற்கா?

எல்லாம் அவர் வாய் செய்த வேலை. பிள்ளைகள் சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம், “நான் தீவுல பொறந்தவனாக்கும்” என்று ஆரம்பித்துவிடுவார். கொள்ளிடத்துக்கு நடுவில் ஒரு திட்டு, அதில் முதலை படுத்திருக்கும் மடு, மடுவின் மேல் சாய்ந்த இலுப்பை மரம், அதன் உச்சிக் கிளையிலிருந்து குதிக்கும் பஞ்சநாதன். ஜானகி அதை அப்படியே வகுப்பில் எழுந்து சொல்லிவிட்டாள்.

பூகோள வாத்தியார் சிரித்தார். “நம்ம ஜில்லாவுல தீவுன்னா ஸ்ரீரங்கம் ஒண்ணுதான். ஒங்கப்பா என்ன, ரங்கநாதப் பெருமாளா?”

அன்று முதல் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘பெருமாள் மவ’. வீட்டுக்கு வந்து, “எங்கிட்ட பொய்யாப்பா சொன்னீங்க?” என்று கேட்டு அழுதாள். ஆபீசில் மேலதிகாரி எத்தனையோ தடவை அவரைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறார். அதெல்லாம் உறைத்ததில்லை. இது உறைத்தது. பெற்ற பெண் தன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்து கல்யாணமாகிப் போவதை அவரால் தாங்க முடியாது.

“அதோ பாரு, நான் சொன்ன இலுப்பை மரம்!” என்று கையை நீட்டினார்.

ஜானகி மரத்தைப் பார்க்கவில்லை. “நாலு பக்கமும் தண்ணி இருந்தாத்தாம்பா தீவு. புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“முதல மடுவையாவது பாரேன்.”

மடுவில் ஓர் எருமை படுத்திருந்தது. அதற்கே தண்ணீர் போதவில்லை.

“ஆடியில வருவோம். அப்ப பாரு!” என்றார் பஞ்சநாதன்.

ஆடியில் வந்தார்கள். ஆபீசில் இல்லாத வயிற்றுவலியைச் சொல்லி லீவு வாங்கியிருந்தார். திருமழபாடிக் கரையில் போய் நின்றபோது வயிற்றுவலி நிஜமாகவே வந்தது. கொள்ளிடம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகச் செம்மண் நிறத்தில் புரண்டுகொண்டு போனது.

“இப்ப தண்ணி போதுமா?” என்றார் மிடுக்காக.

“போதும்பா. நெலம் எங்கே?”

பஞ்சநாதன் நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தேடினார். நட்டாற்றில் ஒரு கொத்து இலை மட்டும் ஆடியது. “அதோ, இலுப்ப மரத்து உச்சி!”

“தண்ணிக்குள்ள மரம் இருந்தா அது தீவா?” என்று கேட்டான் சின்னவன் கண்ணையன்.

ஓடக்காரர் அரியமுத்து கரையில் உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தார். பஞ்சநாதன் அவரிடம் ஓடினார். “ஓடம் விடுவீங்களா?”

“விடலாங்க. திட்டுல எறங்கத்தான் முடியாது. சனமெல்லாம் மேட்டுக்கு வந்து ரெண்டு நாளாச்சு. நாம நேரா சமுத்திரத்துலதான் போயி எறங்கணும்.”

சாந்தா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். “சித்திரையில தண்ணி இல்ல, ஆடியில நெலம் இல்ல. நல்ல ஊர்ல பொறந்தீங்க!”

பள்ளிக்கூடத்தில் விஷயம் முற்றியது. பெருமாள் பாற்கடலுக்குப் போய்விட்டாராம், அதனால்தான் தீவைக் காணோமாம். ஜானகி அப்பாவிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பஞ்சநாதன் சோறு இறங்காமல் எழுந்து போன ராத்திரிகளும் உண்டு.

பொங்கல் லீவில் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை கொள்ளிடம் அளவாக ஓடியது. திட்டு பச்சைப் பசேலென்று நின்றது. அரியமுத்துவின் ஓடத்தில் ஏறி, தண்ணீரில் கை நனைத்து, இறங்கித் திட்டில் ஏறியபோது பஞ்சநாதனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“வா கண்ணு. மொதல்ல நான் குதிச்ச மரம்...”

“மொதல்ல சுத்திப் பாத்துடுவோம்பா” என்றாள் ஜானகி.

சுற்றினார்கள். வடக்கே தண்ணீர். கிழக்கே தண்ணீர். மேற்கே தண்ணீர். பஞ்சநாதன் ஒவ்வொரு பக்கத்திலும் கையை விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார். தெற்கே வந்ததும் விரித்த கை அப்படியே நின்றது. திட்டிலிருந்து தென்கரை வரை நீளமாக ஒரு மணல்மேடு. அதன் மேல் கோழி ஒன்று சாவகாசமாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

“மூணு பக்கந்தாம்பா” என்றாள் ஜானகி மெல்ல. “இது தீபகற்பம்.”

பஞ்சநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். கத்தரிக்காய்ப் பாத்தியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்தார்.

“ஏங்க, என்னங்க பண்றீங்க?”

“நீ சும்மா இரு சாந்தா!”

வெட்டினார். ஆபீசில் பேனாவைத் தவிர எதையும் தூக்காத கை கொப்பளித்தது. வெட்ட வெட்ட மணல் சரிந்தது. சரியச் சரிய வெட்டினார். கடைசியில் விரல் பருமனுக்குத் தண்ணீர் உள்ளே நுழைந்தது. அப்புறம் அவர் வெட்டவே வேண்டியிருக்கவில்லை. ஆறே அறுத்துக்கொண்டு ஓடியது. மேட்டில் இரண்டு வண்டி அகலத்துக்கு வாய் பிளந்தது.

“தீவு!” என்று ஜானகி கத்தினாள். “அப்பா, தீவு!” ஓடிவந்து அவர் சேற்று இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தென்கரையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. சந்தைக்குப் போன திட்டு ஜனங்கள் கரும்பும் பானையும் தலையில் சுமந்துகொண்டு, உடைப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள்.

“யாருடா அவன் கொரம்ப வெட்டுனது?” என்று பொன்னாயி என்பவள் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினாள். “ஊரே சேந்து தழையும் மண்ணும் கொட்டி, ஒரு மாசமாப் போட்ட வழிடா! எங்க பொங்கல எங்கடா வைக்கிறது, ஒந் தலையிலயா?”

பஞ்சநாதன் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. மகள் கை இன்னும் இடுப்பை விடவில்லை.

கூச்சலைக் கேட்டு அரியமுத்து ஓடத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் ஒருவர் முகத்தில்தான் சிரிப்பு. இனி தை முழுக்க எல்லாரும் அவர் ஓடத்தில்தானே ஏறியாக வேண்டும்.

அவரைக் கண்டதும் பஞ்சநாதனுக்கு ஒரு யோசனை. காரியத்தை முழுசாக முடித்துவிட வேண்டும். பின்னால் எந்த வாத்தியாரும் வாயைத் திறக்கக்கூடாது.

“அரியமுத்து, எங்கப்பா காலத்துலேர்ந்து நீங்கதானே இங்க ஓடம் விடுறீங்க?”

“ஆமாங்க. ஒங்கம்மாவயும் நல்லாத் தெரியுங்க.”

“அப்ப நான் எங்க பொறந்தேன்னு எம் பொண்ணுகிட்ட நீங்களே ஒங்க வாயால சொல்லுங்க!”

அரியமுத்து ஜானகியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

“ஒங்க அப்பாத்தாவுக்குத் திட்டுல வலி எடுத்துப் போச்சு பாப்பா. மருத்துவச்சிகிட்ட கொண்டு போவலாம்னு அக்கரைக்குத் தள்ளுனேன். போய்ச் சேர முந்தி, நட்டாத்துல, எம் ஓடத்துலயே ஒங்கப்பா பொறந்துட்டாரு. நாலு பக்கமும் தண்ணி, நெலந்தான் இல்ல!”