பெண் பார்க்கப் போய் வெடையைக் கோட்டைவிட்டேன்

என் தாய்மாமன் ஒரு பொய்யன். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். அவர் கொள்ளேகாலத்தில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், அதனால் தாராளமாகத் திட்டலாம்.

அப்போது நான் மைசூரில் ஜட்கா வண்டிக்குச் சக்கரம் செய்யும் பட்டறையில் இருந்தேன். வயது முப்பது. மூன்று வீட்டில் பெண் பார்த்தாயிற்று. மூன்று வீட்டிலும் "மாப்பிள்ளைக்குக் கோபம் அதிகம்" என்று சொல்லிவிட்டார்கள். (அதற்கு நான் கத்திய கத்தலில் மூன்றாவது வீட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.) நாலாவதும் தவறினால் கட்டைப் பிரம்மச்சாரிதான்.

நாலாவது பெண்ணின் அப்பா சண்டைக்கோழி வளர்ப்பவர். அவரை மயக்க மாமா விட்ட புளுகு இது: "எங்க பையன் முட்டைய வெயில்ல தூக்கிப் பாத்தே சேவலா பொட்டையான்னு சொல்லிப்போடுவானுங்க." எனக்குக் கோழியைக் குழம்பில்தான் பழக்கம்.

பெண் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், மூன்று, நான்கு மாதமே ஆன கோழி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"பாத்துச் சொல்லுங்க மாப்ளே. என்ன சாதி? சேவலா, வெடையா?"

வெடை என்றால் இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டை. இது நெட்டையாக இருந்தது, கால் தடியாக இருந்தது, என்னை முறைத்தது. தலைகீழாகப் பிடித்து, இறகை ஊதி, வைத்தியர் போல "ம்ம்" என்றேன்.

"நாட்டுக்கோழி. சேவலுங்க."

"இல்லீங்க, அசீல், சண்டைக்கோழிச் சாதி. இதுல வெடையும் இப்படித்தான் நிமிந்து நிக்கும். இடுப்பு இறகு நுனி உருண்டையா இருக்குது பாருங்க. சேவலுக்குக் கூரா இருக்கும்."

'சரிங்க' என்றிருக்கலாம். என் வாய் கேட்டால்தானே?

"சேவல்தானுங்க! உங்களுக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு!"

மாமா ஓசையில்லாமல் செருப்பைத் தேடினார்.

"ஏனப்பா, எங்க கோழிய எங்களுக்கே மாத்திச் சொல்றியா?" என்றார் பெண்ணின் அப்பா. 'மாப்ளே'யும் போயிற்று, 'ங்க'வும் போயிற்று.

அப்போதுதான் புத்தி வந்தது. "எனக்குக் கோழி தெரியாதுங்க. மாமா சொன்னது பொய். பேசினது தப்புங்க" என்று கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற ஜட்காவில் ஒரு காலை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"அப்பா, எனக்குச் சம்மதமுங்க."

தலைப்பிள்ளை பிறந்தபோது மாமனார் மருத்துவச்சியிடம் கத்தினார்: "என்ன கொழந்தைன்னு நீயே சொல்லிப்போடம்மா. எங்க மாப்ளகிட்டக் கேட்டா, பொண்ணப் பாத்துச் சேவல்னு சாதிப்பாரு!" இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் இதைச் சொல்லாமல் சர்க்கரை கொடுப்பதில்லை. சிரிக்கட்டும். பட்டறை மூடிக்கிடந்த வருஷத்தையும் என் கோபத்தையும் சேர்த்துத் தாங்கியவள் என் பெண்டாட்டி. நான் அவளுக்குக் கடமைப்பட்டவன்.

ஆனால் அன்று சம்மதித்த காரணம் கேட்டால் முந்தானையை வாயில் வைத்துச் சிரிக்கிறாள். தனியாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏ பாவாயி, ஊரே படிக்கத்தான் இதை எழுதுகிறேன். நீயும் ஊரே கேட்கச் சொல்: அன்றைக்கு என்னிடம் என்னத்தைக் கண்டாய்?